சில்லறை வருவாயா, ஜீவனமா?

இப்பத்திரிகையின் தமிழ்ப் பதிப்பில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுவோன் தன் சொந்த அபிப்பிராயத்தை எழுதுவது வழக்கமன்று. விஞ்ஞானிகளும் துறை நிபுணர்களும் எழுதுவதைப் பொருள் கெடாமல் தமிழில் தருவதோடு அவன் கடமை முடிந்துவிடுகிறது. ஆயினும் அண்மையில் வந்த வாசகர் கடிதம் ஒன்று, மறுமொழி கூறாமல் இருக்கவொட்டாதபடி என் மனத்தை உறுத்தியது. அக்கடிதம் குறை கூறியது கட்டுரையாசிரியரை அன்று, மொழிபெயர்ப்பாளனை. ஆகவே மறுமொழி கூற வேண்டியவனும் நானே.

கடிதத்தை எழுதியவர் திருவண்ணாமலை மாவட்டத்து மலைக் கிராமப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. காட்டு விளைபொருள்களைப் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரையில் “சில்லறை வன விளைபொருள்” என்னும் சொற்றொடர் மீண்டும் மீண்டும் வருவதை அவர் சுட்டிக் காட்டியிருந்தார். “மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலத்தில் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. அவர்கள் வீட்டில் ரொக்கமாகக் கையில் வந்து சேரும் பணம் பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில் கிடைப்பதுதான். தாங்கள் அதனைச் சில்லறை என்கிறீர்கள். அவ்வாறாயின் அவர்களுடைய மொத்தம் எதுவோ?” என்று கேட்டிருந்தார்.

அச்சொல் என்னுடையதுதான். பல ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலத் தொடரில் ‘சிறிய, முக்கியமற்ற’ என்னும் பொருள்படும் அடைமொழிக்கு ஈடாக, சுருக்கமாக இருக்கிறதே என்று அதை நான் தேர்ந்தெடுத்தேன். பின்னர் அது அலுவலகச் சொற்பட்டியலில் ஏறி நிலைபெற்றுவிட்டது. ஒரு சொல் பட்டியலில் ஏறிய பிறகு அதைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை, எழுதியவனும் சிந்திப்பதில்லை.

சிறிது என்று சொன்னவர் யார்?

காட்டின் விளைவைப் பெரிது, சிறிது எனப் பிரித்தவர்கள் காட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். கப்பலுக்கும் இருப்புப் பாதைக் கட்டைகளுக்கும் மரம் தேடிய பிரிட்டிஷ் ஆட்சியின் வனக் கணக்கேடுகளில், வெட்டுமரமே பெரிய வருவாயாக எழுதப்பட்டது. தேன், மெழுகு, அரக்கு, பிசின், கடுக்காய், இலுப்பைப் பூ, பீடி இலை ஆகிய யாவும் ‘மற்றவை’ என்னும் பத்தியில் சேர்ந்தன. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் இவற்றுட் பலவற்றைப் பெயர் சொல்லியே வன விளைபொருள் ஆக்கியது. அச்சட்டத்தின்கீழ் அவற்றைக் கொண்டு செல்வதற்கு அனுமதி வேண்டியிருந்தது.

கணக்கேட்டில் சிறிதாயிருந்தது வீட்டில் சிறிதாயிருக்கவில்லை. மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூ உதிர்வதும் பீடி இலை பறிப்பதும் பங்குனி தொடங்கி வைகாசிக்குள் முடியும் வேலைகள். அக்காலத்தில் வயல் காய்ந்து கிடக்கும். முந்தைய விளைச்சலின் தானியம் தீர்ந்திருக்கும். அடுத்த விதைப்புக்கு மழை வந்திராது. விவசாயமும் கூலியும் ஒருங்கே கைவிடும் மாதங்களில் காடு கைகொடுக்கிறது. ஆண்டு வருவாயின் கூட்டுத்தொகையை மட்டும் நோக்குவோருக்கு இவ்வுண்மை புலப்படாது. எவ்வளவு பணம் என்பதினும் எந்த மாதத்தில் வந்த பணம் என்பதே ஏழையின் வீட்டில் முதற் கேள்வி.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டையடுத்து வாழும் பழங்குடியினர் முதலியோரின் இல்லத் தேவைகளுக்கே வன விளைவில் முதலுரிமை என்று அறிவித்தது. 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், அட்டவணைப் பகுதிகளில் இவ்விளைபொருள்களின் உடைமையைக் கிராம சபைக்கு வழங்கியது. 2006இல் இயற்றப்பெற்ற வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேற்சென்று, இவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டென்று கூறியது. ஆனால் பழைய அடைமொழியை மட்டும் இச்சட்டங்களும் கைவிடவில்லை.

மூங்கில் மரமா, புல்லா?

ஒரு சொல்லின் பொருள் மக்களின் பிழைப்பை எவ்வாறு ஆட்டிப் படைக்கும் என்பதற்கு மூங்கிலைவிடத் தக்க சான்று இல்லை. தாவர இயலின்படி மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. இதனை அறிய நுண்ணோக்காடி வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் வகுத்துவிட்டது. அவ்விலக்கணப்படி மூங்கிலும் பனையும் புல்லே. ஆயினும் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, மரம் என்னும் சொல் மூங்கிலையும் உள்ளடக்கும் என்று வரையறுத்தது. மரமானால் அது ‘பெரிய’ பொருள், வனத்துறையின் பாற்பட்டது. புல்லானால் அது ‘சிறிய’ பொருள், கிராமத்தார் கைவைக்கலாம்.

2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறு வன விளைபொருளின் வரையறையில் மூங்கிலை வெளிப்படையாகச் சேர்த்தது. ஆகவே ஒரே பொருள் ஒரு சட்டத்தில் மரமாகவும் மற்றொன்றில் மரமல்லாததாகவும் நின்றது. இம்முரண்பாட்டின் விளைவை அனுபவித்த கிராமம் ஒன்றின் வரலாறு நம் வாசகர்கள் அனைவரும் அறியத்தக்கது.

மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா (லேக்கா) என்னும் சிறு கிராமம் உள்ளது. அங்கு வாழ்வோர் கோண்டு பழங்குடியினர். ஊர்ப் பொதுக் காரியங்களைப் பெரும்பான்மை வாக்கினால் அன்றி, அனைவரும் இசையும் வரை பேசித் தீர்மானிப்பது அவ்வூரின் வழக்கம். ஒரு பொருளைத் தீர்மானிக்கு முன் அதைப் பற்றிக் கற்றறியச் சிறு குழுக்கள் கூடி ஆராய்வதும் உண்டு. தேவாஜி தோபா என்பவர் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 2009ஆம் ஆண்டில், சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக வன உரிமை அக்கிராமத்துக்கு வழங்கப்பட்டது. நாட்டிலேயே இவ்வுரிமையை முதலில் பெற்ற கிராமங்களுள் அதுவும் ஒன்று.

உரிமைப் பத்திரம் கையில் இருந்தது. காட்டில் மூங்கில் இருந்தது. ஆனால் வெட்டிய மூங்கிலை ஊருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டிய போக்குவரத்து அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. மூங்கில் மரமாயிற்றே என்பது காரணம். விற்க முடியாத பொருளின் மீது உரிமை இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? 2011 மார்ச்சில், மூங்கிலைச் சிறு வன விளைபொருளாகவே கருத வேண்டும் என்று மத்திய வனத்துறை அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அவரே அக்கிராமத்துக்குச் சென்றார். அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2012இல் விதிகள் திருத்தப்பெற்று, சீட்டு வழங்கும் பொறுப்பு கிராம சபை அமைக்கும் குழுவிடம் வந்தது. வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலைப் பொறுத்து, மரம் என்னும் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது 2017 நவம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டத்தினால்தான். ஒரு புல்லைப் புல்லென்று ஒப்புக்கொள்ள நமக்குத் தொண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அச்சமும் அனுபவமும்

கிராமத்தாரிடம் உரிமையைக் கொடுத்தால் காடு அழியாதா என்னும் ஐயம் களப் பணியாளர் பலருக்கு உண்டு. அவர்களுடைய அச்சம் பொய்யன்று. வெட்டுக்கு இரையாகி மொட்டையான குன்றுகளை அவர்கள் நேரிற் கண்டவர்கள். ஆனால் அக்காட்டை வெட்டியவன் யார், ஏன் வெட்டினான் என்னும் கேள்வியை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். நாளை தனக்கு உரியதன்று என்று அறிந்தவன் இன்றே எடுத்துக்கொள்கிறான். நாளையும் தனக்கே என்று நம்புகிறவன் விட்டுவைக்கிறான். இது குணத்தைப் பற்றிய செய்தியன்று, கணக்கைப் பற்றியது.

மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்து அராபாரி வனச்சரகத்தில் நடந்தது இதற்குச் சான்று. அங்கிருந்த சால் மரக் காடு, ஓயாத வெட்டினால் அடிக்கட்டைகளாகக் குறைந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, 1,272 ஹெக்டேர் பரப்பில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பதினொரு கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. வயல் வேலை இல்லாத மாதங்களில் அவர்களுக்குக் காட்டில் வேலை. இலை, விதை, சுள்ளி, காளான் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள அனுமதி. காடு வளர்ந்து வெட்டும்போது விற்பனைப் பணத்தில் நூற்றுக்கு 25 பங்கு. பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது காவல்.

சால் மரத்தின் இயல்பு இங்கே பெருந்துணை புரிந்தது. அதன் வேர் உயிரோடிருந்தால் அடிக்கட்டை தானே துளிர்க்கும்; கோடரியும் மேய்ச்சலும் சில ஆண்டுகள் விலகி நின்றால் போதும். அவ்விலகலை வேலியால் பெற இயலவில்லை. உடன்படிக்கையால் பெற இயன்றது. இதைப் பின்பற்றியே 1990 ஜூன் முதல் நாள் மத்திய அரசாங்கம் கூட்டு வன நிர்வாகத்துக்கான சுற்றறிக்கையை விடுத்தது. வெட்டுக் காலம் வரும் வரை கிராமத்தாரைக் காட்டோடு பிணைத்து வைத்தவை எவை? தையல் இலையும் சுள்ளியும் காளானுமே. சில்லறை என்று நாம் எழுதிய பொருள்கள்தாம் அக்காட்டுக்குக் காவல் நின்றன.

நிற்க. கிராமத்தாரின் அனுபவம் விஞ்ஞானத்துக்கு மாறானது என்று எண்ணுவோருக்கு மற்றொரு நிகழ்ச்சியைக் கூறலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் காகித ஆலைக்கு மூங்கில் வெட்டப்பட்டு வந்தது. 1970களில் மூங்கில் வளம் விரைந்து குறையவே, மேய்ச்சலும் கிராமத்தாரின் வெட்டுமே காரணம் என்று கூறப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மாதவ் காட்கிலும் அவருடைய உடனாராய்ச்சியாளரும் அதைக் களத்தில் ஆராய்ந்தனர். முள்மூங்கில் தூறின் அடியில் முட்கிளைகள் பின்னிக் கிடக்கும். தூறு நெரிசலின்றி வளரும் என்று கருதியும், வெட்டுவதற்கு வசதியாகவும் அம்முட்கள் அகற்றப்பட்டன. அகற்றாதீர், முள்ளின்றேல் குருத்து தப்பாது என்று கிராமத்தார் கூறினர். ஆராய்ச்சியிலும் அதுவே உண்மையாயிற்று: முள் வேலியை இழந்த குருத்துகளை மாடும் முள்ளம்பன்றியும் குரங்கும் தின்று தீர்த்தன. செயல் திட்டத்தை எழுதியவர்கள் முள்ளை இடையூறாகக் கண்டனர். மூங்கிலோடு வாழ்ந்தவர்கள் அதை வேலியாகக் கண்டனர்.

உரிமை மட்டும் போதுமா?

போதாது என்பதே என் துணிபு. உரிமையைப் புகழ்ந்து எழுதுவோர் இவ்விடத்தில் வாய்மூடிச் சென்றுவிடுகின்றனர், அது நேர்மையாகாது.

இலுப்பைப் பூ இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் உதிர்கிறது. சருகினிடையே விழும் பூவைப் பொறுக்குவது கடினம். ஆகவே பலர் பூக்காலத்துக்கு முன் மரத்தடிச் சருகுக்குத் தீ வைக்கின்றனர். தீ மரத்தடியோடு நிற்பதில்லை; காட்டுக்குள் பரவி இளங்கன்றுகளைக் கருக்குகிறது. பூவைப் பொறுக்கியபின் காயும் எண்ணெய்க்காகச் சேகரிக்கப்படுகிறது. கிழ மரங்கள் நிற்க, அவற்றினடியில் கன்றே இல்லாத நிலை இவ்வாறு உண்டாகிறது. இன்று பூ கொடுக்கும் மரம் பாட்டன் காலத்தது. பேரன் காலத்துக்கு மரம் எது? மரத்தடியில் வலையோ பழஞ்சேலையோ கட்டிப் பூவை ஏந்தினால் தீயும் வேண்டாம். பூவும் மண் படாமல் நல்ல விலை பெறும். இது செலவு மிக்க உபாயமன்று. பழக்கத்தை மாற்றுவதே அரிது.

மூங்கிலுக்கும் நெறி உண்டு. குருத்து மழைக்காலத்தில் நிலத்தடித் தண்டிலிருந்து கிளம்பி, சில மாதங்களிலேயே முழு உயரத்தையும் அடைந்துவிடுகிறது. அதன்பின் அது பருப்பதில்லை, முற்ற மட்டுமே செய்கிறது. புதுக்கழி தூறின் வெளிப்புறத்திலும் முதிர்கழி உட்புறத்திலும் நிற்கும். கூலிக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியவன் எளிதில் எட்டும் வெளிப்புறத்தையே வெட்டுவான். அதனால் அடுத்த ஆண்டுக் குருத்துக்கு உணவூட்ட வேண்டிய இளங்கழி போய்விடும். உள்ளே முதிர்ந்தவை நெருங்கி மக்கும். கெட்டி மூங்கிலுக்கு உரிய நெறி எளிது: ஓராண்டுக் கழியைத் தொடலாகாது, மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒரு முறையே ஒரு தூற்றில் வெட்ட வேண்டும், முதிர்ந்தவற்றுள்ளும் சிலவற்றை விட்டுவைக்க வேண்டும், மழைக்காலத்தில் வெட்டலாகாது, நிலத்தடித் தண்டைத் தோண்டலாகாது. பூத்த தூறு காய்ந்து மடியுமாதலால், விதை உதிரும் வரை அதை விட்டுவைக்க வேண்டும். வெட்டாமல் விட்ட தூறும் நெரிசலால் கெடும்; ஆகவே நெறியோடு வெட்டுவதே மூங்கிலைக் காப்பது. உழைப்பும் காவலும் ஒன்றாகும் இடம் இது.

இனி, விலை. தேன் எடுப்பவரும் அரக்கு வளர்ப்பவரும் சந்தை விலையை அறியும் முன்பே வியாபாரி அறிந்துவிடுகிறான். மரமல்லாத விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கும் மத்தியத் திட்டம் 2013–14இல் தொடங்கியது. ஆனால் கொள்முதல் நிலையம் இருபது மைலுக்கு அப்பால் இருக்குமாயின், அவ்விலை தாளில் இருக்கும்; கையில் இராது. குறைந்த விலை பெறுபவன் குடும்பம் நடத்த அதிகமாகப் பறிக்கிறான், காய் முற்றுமுன் பறிக்கிறான், கிளையோடு ஒடிக்கிறான். ஆகவே நியாய விலை காட்டைக் காக்கும் உபாயங்களுள் ஒன்று என்பதை நாம் உணர வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இப்பத்திரிகையைப் படிப்போருள் வனவர்களும் வனக் காப்பாளர்களும் விரிவாக்கப் பணியாளர்களும் ஆசிரியர்களும் பலர். சட்டம் இயற்றுவது அவர்கள் கையில் இல்லை. எனினும் மூன்று காரியங்கள் அவர்கள் கையில்தான் உள்ளன.

முதலாவது, கணக்கு. எத்தனை தூறு, எத்தனை கழி, எத்தனை கன்று என்று ஆண்டுதோறும் அதே இடத்தில் எண்ணிப் பதிவு செய்யாத காட்டில், வளர்கிறதா குறைகிறதா என்பது வெறும் வாக்குவாதமாகவே முடியும். அவ்வெண்ணிக்கையைக் களப் பணியாளர் தனியே எடுத்துத் தம் கோப்பில் வைத்துக்கொள்ளலாகாது. கிராம சபையின் ஆட்களோடு சேர்ந்து எண்ணி, சபையிலேயே படித்துக் காட்ட வேண்டும். தான் எண்ணிய கணக்கை மனிதன் நம்புகிறான். பிறர் சொன்ன தடையை மீறுகிறான்.

இரண்டாவது, விலை. அருகிலுள்ள சந்தைகளின் விலையையும் அரசாங்க ஆதரவு விலையையும் வாரம் ஒரு முறை பள்ளிச் சுவரிலோ ஊர்ச் சாவடியிலோ எழுதி வைப்பதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும்.

மூன்றாவது, பள்ளி. புளிக்கும் பூவுக்கும் போய்விட்டு வரும் பிள்ளையை நாம் ‘வராதவன்’ என்று மட்டும் பதிவேட்டில் குறிக்கிறோம். எந்த மரம் எந்த வாரத்தில் பூத்தது, சென்ற ஆண்டினும் முன்னரா பின்னரா, எந்தத் தேனடை எந்தப் பாறையில் இவ்வாண்டு வரவில்லை என்பவற்றை அப்பிள்ளை அறிவான். அவனைக் கொண்டு வகுப்பில் ஒரு பருவக் குறிப்பேடு எழுதச் செய்தால், பத்து ஆண்டுகளில் அது எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் கிடைக்காத ஏடாகிவிடும். விடுமுறையைப் பருவத்துக்கேற்ப மாற்ற இயலுமா என்பதையும் கல்வித்துறையினர் ஆலோசிக்கலாம். பள்ளியை விட்டுக் காட்டுக்குப் போகும் பிள்ளைகளை நான் போற்றவில்லை. அவர்கள் படிக்க வேண்டும். ஆனால் அவர்கள் காட்டிற் கற்றதை ஒன்றுமில்லை என்று கூறுவது கல்வியாகாது.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது சிறியதே. சட்டத்தின் வாசகத்தை மொழிபெயர்க்கும்போது ‘சிறு’ என்னும் அடைமொழியை நீக்க எனக்கு அதிகாரமில்லை. சட்டத்தில் உள்ளதை உள்ளபடி தருவதே முறை. ஆனால் கட்டுரைகளில் இனி ‘மரமல்லா வன விளைபொருள்’ என்றே எழுதுவேன். ‘சில்லறை’ என்னும் சொல்லைச் சொற்பட்டியலினின்று நீக்குமாறு குறிப்பும் எழுதி அனுப்பியுள்ளேன். ஒரு சொல்லை மாற்றுவதால் ஒரு வீட்டிலும் உலை கொதிக்காது என்பதை அறிவேன். எனினும் தவறான சொல், பார்க்க வேண்டியதைப் பார்க்கவொட்டாமல் கண்ணை மறைக்கும். என் கண்ணைப் பல ஆண்டுகள் மறைத்தது.

கடிதம் எழுதிய ஆசிரியை அவர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இதுவே: அவர்களுடைய மொத்தமும் அதுதான், அம்மா. அதைச் சில்லறை என்று எழுதியது என் பிழை. திருத்திக்கொள்கிறேன். அடுத்த பங்குனியில் தங்கள் மாணவர்கள் மலையிலிருந்து திரும்பி வந்து வகுப்பில் அமரும்போது, அவ்வாண்டு எந்த மரம் காய்த்தது, எது காய்க்கவில்லை என்று அவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அதனை இப்பத்திரிகையில் வெளியிடுமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.